கடைசிக் கட்டிச் சூடம்

நான் வந்தது நடராஜாவின் வேலை விஷயமாகத்தான், மேடம்.

வெளியே இருந்த போலீஸ்காரரிடமும் அதையே சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. தோட்டத்தில் வேலை போனால் லேபர் ஆபிசுக்குப் போக வேண்டியதுதானே, இங்கே எதற்கு வந்தாய் என்றார். நியாயமான கேள்வி. நல்லவேளை, நீங்கள் வந்தீர்கள். தமிழில் சொன்னால் எனக்கும் தடுமாற்றம் இருக்காது. நீங்கள் கொடுத்த தே ஓ தேநீரில் சீனி கொஞ்சம் அதிகம், பரவாயில்லை.

என் பெயர் அழகேசன். பாடாங் செராய் பார்சல் கிடங்கில் மூத்த வேன் டிரைவராக இருந்தவன். நடராஜா உங்களுக்குத் தெரிந்தவர்தான். வெள்ளைக்கிணறு தோட்டத்து வாசலில் ஜாகாவாகக் காவல் இருந்தாரே, அவர். பழனியாண்டி அங்கே மோட்டார் சைக்கிளில் அடிபட்டுச் செத்தபோது நீங்கள்தான் அவரிடம் விசாரித்தீர்கள். சாயங்காலம் வாசலுக்குக் குறுக்கே கட்டுகிற சங்கிலியை நேரத்துக்கு முன்பே கட்டிவிட்டார் என்று சொல்லித் தோட்டத்தில் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் இடத்துக்கு ஆளும் வைக்கவில்லை. கம்பத்தில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறார்கள். ஏதாவது அசைந்தால் ஒரு ஆப்பில் மணி அடிக்குமாம். பக்கத்தில் எவன் இருக்கிறானோ அவன் மோட்டாரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவானாம். அவ்வளவுதான் காவல்.

செய்யாத காரியத்துக்காக ஒரு மனிதன் வேலையை இழக்கக் கூடாது. அதில் நான் பிடிவாதக்காரன். அன்று சங்கிலியைக் கட்டியது நடராஜா இல்லை.

இந்தப் பிளாஸ்டிக் பையைப் பார்க்கிறீர்கள். ஒன்றுமில்லை, துவைத்த துணி. அதற்கு வருகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கும் எழுத வசதி.

எங்கள் கம்பெனி ஆட்களைக் குறைக்கப் போகிறது என்று பேச்சு வெகுநாளாகவே இருந்தது. குளிமிலும் பீடோங்கிலும் ஏற்கெனவே வேன்களை எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் காலையில் சரக்கு ஏற்றுமுன், மேனேஜர் லோகேந்திரன் எங்கள் எல்லாரையும் வேன்களுக்கு முன்னால் நிற்கவைத்துப் பேசினார். படித்தவர், கத்திப் பேச மாட்டார். இனிமேல் சம்பளத்துக்கு டிரைவர் கிடையாது, எல்லாம் ஆப் வழியாகத்தான், மாதக் கடைசிக்குள் ஆப்பில் பதிந்துகொள்கிறவர்கள் சொந்த மோட்டாரில் பார்சல் கொண்டுபோகலாம், பதியாதவர்களுக்கு வேலை முடிந்தது என்றார். "நீங்கள் இனித் தொழிலாளிகள் இல்லை. எங்களுடைய பார்ட்னர்கள்" என்றார்.

பழனியாண்டி கையைத் தூக்கினான். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "பொஸ், ஒரு சந்தேகம். வேன் கம்பெனிக்குப் போவுது. மோட்டார் நம்பளோடது, டேங்குல மிஞ்ஞாக்கும் நாமதான் ஊத்தணும், விழுந்தா முட்டியும் நம்ப முட்டிதான். அப்ப கம்பெனியோடது என்னா?"

"ஆப்" என்றார் லோகேந்திரன்.

"ஓ. அப்ப அடிபட்டா சொக்சோ காசு?"

"அது உங்கள் விருப்பம்."

"பார்ட்னர்னா சரி பொஸ். உங்க மக கல்யாணத்துல எனக்கு முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டுருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். லோகேந்திரனும் சிரித்தார். பழனியாண்டி அப்படிப்பட்டவன். அவன் கம்பெனியில் சேர்ந்தபோது என் லாரியில்தான் கெலிண்டான், கூட வரும் உதவி ஆள். நான் ஓட்டுவேன், அவன் மூட்டை இறக்குவான். பிறகு அவனும் லைசென்ஸ் எடுத்து டிரைவர் ஆனான். நான் அவன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன். அவனை எனக்குப் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது தவறு.

அன்று சாயங்காலமே எங்கள் ஆட்கள் என்னிடம் வந்தார்கள். எதற்கும் என்னிடம்தான் வருவார்கள். என்ன செய்யலாம் அண்ணே என்றார்கள். ஒருவனும் பதியக் கூடாது என்று நான் சொன்னேன். தீபாவளி வருகிறது. கிடங்கில் பார்சல் மலையாகக் குவியும். தோட்டத்து மண் சடக்கு, லயத்து வீடு, நம்பர் இல்லாத கிராமத்துக் கம்பத்து வீடு இதெல்லாம் எங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? எல்லாரும் சேர்ந்து மறுத்தால் கம்பெனி நம்மிடம்தான் வந்தாக வேண்டும். பேச்சு சரியாகவே இருந்தது. இன்றைக்கும் அதில் குறை சொல்ல முடியாது.

பேப்பரில் கையெழுத்து வாங்கலாம் என்று திவாகரன் சொன்னான். எங்களில் இளையவன், கொஞ்சம் படித்தவன். பேப்பரில் போட்ட கையெழுத்தை எவனும் மதிக்க மாட்டான், முனீஸ்வரர் கோயிலில் சூடம் அடிப்போம் என்று நான் சொன்னேன்.

நீங்கள் கழுத்தில் சிலுவை போட்டிருக்கிறீர்கள், அதனால் விளக்கிச் சொல்கிறேன். வெள்ளைக்கிணறு தோட்டத்துக்குள்ளே, எண்ணெய்ச் செம்பனைக்கு நடுவில், ரப்பர் காலத்துப் பழைய பால்மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில்தான் எங்கள் முனி. அவர் முன்னால் சூடம் ஏற்றி, என்ன சத்தியமோ அதை வாயால் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அதற்குப் பிறகு சொன்ன சொல் மீறினால் முனி பார்த்துக்கொள்வார். பேங்க் கடனை ஏமாற்றுகிறவன்கூட அடித்த சூடத்தை ஏமாற்ற மாட்டான். கோர்ட்டில் பொய் சொல்வான், அங்கே சொல்ல மாட்டான். எங்கள் ஆட்கள் அப்படி.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து எல்லாரும் போனோம். சூடப் பெட்டி நான் வாங்கியது. தட்டைப் பிடித்ததும் நான்தான். ஆளுக்கு ஒரு கட்டி ஏற்றினேன். ஒவ்வொருவனாக வந்து, ஆப்பில் பதிய மாட்டேன், கூட இருக்கிறவனை விட்டுப் போக மாட்டேன் என்று சொல்லி அடித்தான். திவாகரன் கையைச் சுட்டுக்கொண்டு உதறினான். பழனியாண்டி அடித்தான். கடைசியில் என் முறை வந்தது. பெட்டியைக் கவிழ்த்தேன். சூடம் தீர்ந்துபோயிருந்தது.

மற்றவர்கள் அதற்குள் விபூதி பூசிக்கொண்டு மோட்டாரை எடுக்கப் போய்விட்டார்கள். நான் சூடான தட்டில் கையை வைத்து எடுத்தேன். பழனியாண்டி மட்டும் பக்கத்தில் நின்றான். "அண்ணே, ஒங்களுக்கு மட்டும் சூடம் இல்ல. தப்பிச்சிட்டீங்க லா" என்று சிரித்தான்.

இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், மேடம். நான் சூடம் அடிக்கவில்லை. ஆகவே எந்தச் சத்தியத்தையும் நான் மீறவில்லை.

மீறியது பழனியாண்டி. அடுத்த வாரமே பதிந்துவிட்டான். அவன் மனைவி ஷாமளாவைக் குளிம் ஃபேக்டரியில் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பிள்ளைகள். வீட்டில் ஒருத்தராவது சம்பாதிக்க வேண்டும் என்று அவள் அழுதிருக்கிறாள். கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் வைத்து, தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, சத்தியத்தை இறக்கிவைத்துவிட்டுத்தான் பதிந்தானாம். நடராஜா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அப்படி இறக்கிவைத்தால் செல்லுமா செல்லாதா என்பது எனக்குத் தெரியாது. அது முனிக்கும் அவனுக்கும் உள்ள விஷயம்.

ஆனால் மற்றவர்கள் ஆட ஆரம்பித்தார்கள். அதுதான் எனக்குக் கவலை. கிடங்கில் அவன் ஆப் ரைடர்களின் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு பார்சல் எடுக்க வருவான். இவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். திவாகரன் ஒரு நாள் என்னிடம் கேட்டுவிட்டான்.

"பழனிண்ணே போயி எத்தன நாளாச்சு. ஒன்னும் ஆவலியே அண்ணே. முனி லீவுல இருக்காரா?"

"வாயக் கழுவுடா" என்றேன்.

"இல்லண்ணே, சும்மா கேட்டேன். லீவுன்னா சொல்லுங்க, நானும் போயி ஒரு பச்சச் சட்ட வாங்கிக்கிறேன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பயம் போன சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டபோதே எனக்குத் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் இது நிற்காது என்று. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கோயிலில் கூடுவதாக இருந்தது. அந்தக் கூட்டத்துக்குத் தானும் வரப்போவதாகப் பழனியாண்டி என்னிடம் சொல்லியிருந்தான்.

பசார் பின்னால் இருக்கிற ரொட்டி சானாய்க் கடையில் வைத்துச் சொன்னான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்து, என் தட்டிலிருந்தே ஒரு துண்டு பிய்த்துக்கொண்டான். கோபமாக இல்லை. "நீங்களே சொல்லிட்டா நல்லா இருக்கும்ணே. நீங்க சொல்லலேன்னா ஞாயித்துக்கெழம நான் வந்து சொல்லிருவேன்" என்றான்.

என்ன சொல்லப் போகிறான் என்று கேட்கிறீர்கள். ஆப்பைப் பற்றி. இப்போதைக்கு அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சத்தியத்துக்குப் பல் இருக்க வேண்டும், மேடம். பல் இல்லாவிட்டால் அது வெறும் கற்பூரம். ஆட்கள் கலைந்துபோனால் ஒவ்வொருவனாக நாசமாவான். ஒற்றுமை என்று ஒன்று இருந்தால்தான் மரியாதை. முனி தன் வேலையைச் செய்யத் தாமதித்தார். யாராவது ஒருவர் அவருக்கு ஒத்தாசை செய்ய வேண்டியிருந்தது. நான் அப்படித்தான் நினைத்தேன்.

தோட்டத்து வாசலை நீங்கள் பார்த்தீர்கள். மேட்டிலிருந்து செம்மண் சடக்கு வளைந்து இறங்கும் இடத்தில் இரண்டு இரும்புத் தூண். செம்பனைக் குலை திருடர்கள் லாரி கொண்டுவராமல் இருக்க, நடராஜா தினமும் ஏழு மணிக்குச் சங்கிலியைக் குறுக்கே மாட்டுவார். நடுவில் சிவப்புத் துணி கட்டித் தொங்கவிடுவார். பகலில் சங்கிலி ஒரு தூணடியில் புல்லில் கிடக்கும். இந்த வழக்கம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெளியூர் ரைடர்கள் அந்தச் சடக்கில் நாய்க்குப் பயந்து ஊர்ந்து வருவார்கள். சில பேர் வருவதே இல்லை, ஆர்டரைத் தட்டிவிடுவார்கள். பழனியாண்டிக்கு ஏழு மணி வரைக்கும் சங்கிலி இருக்காது என்று தெரியும். அதனால் ஏழுக்குள் வருகிறபோது மேட்டில் பிரேக் பிடிக்கவே மாட்டான். தெரிந்தவன்தான் வேகமாக வருவான்.

வெள்ளிக்கிழமைகளில் நடராஜா ஆறரை மணி வாக்கில் குளித்துவிட்டு முனிக்கு விளக்கு வைக்கப் போவார். அதுவும் வழக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் என் கைப்பேசியில் ஆப்பைத் திறந்து ஒரு ஆர்டர் போட்டேன், பார்சல் மட்டுமில்லை, கடைச் சாமானும் அதில் வரவழைக்கலாம். பசாரில் இருக்கிற பூசைச் சாமான் கடையில் ஒரு பெட்டி சூடம், ஒரு கட்டு சுருட்டு. கொண்டுவர வேண்டிய இடம் முனீஸ்வரர் கோயில். என் சொந்தப் பெயரில்தான் போட்டேன், மறைத்துச் செய்ய வேண்டிய தேவை எனக்கு இல்லை. நீங்கள் விசாரித்தபோதும் ஆர்டர் போட்டது நான் என்று சொன்னேன், ஞாபகம் இருக்கும். வேறு யாராவது அந்த ஆர்டரை எடுத்திருந்தால் என்று கேட்பீர்கள். அதை முனியிடம் விட்டேன். திரையில் பழனியாண்டியின் படம் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். சரி, முனி ஒத்துக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நடராஜா உள்ளே போனதும் சங்கிலியை எடுத்து மாட்டினேன். மழை தூறி ஓய்ந்திருந்தது. மரத்துக்கு அடியில் இருட்டு சீக்கிரம் வந்துவிடும். சிவப்புத் துணியை அவிழ்த்தேன். மிகவும் அழுக்காக இருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

லயத்துப் பிள்ளைகள் டியூஷன் முடிந்து சைக்கிளில் அந்த வழியாகத்தான் வருவார்கள். அதை யோசிக்காமல் இல்லை. சைக்கிள் மெதுவாகத்தான் வரும் என்று முடிவு செய்தேன்.

பிறகு செம்பனை வரிசைக்குள்ளே நடந்து கோயிலுக்குப் போனேன். நடராஜா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். "வாப்பா அழகேசு, அதிசயமா இருக்கு" என்றார். சூடம் வருகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவருக்கு ஆப் பற்றித் தெரியாது. சூடம் எப்படித் தனியாக வரும் என்று கேட்டார். திரையைக் காட்டினேன். வரைபடத்தில் ஒரு சின்ன மோட்டார் எங்களை நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அவருக்கு வேடிக்கையாக இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "அடே, பெரிய சடக்குல திரும்பிட்டான்டா. அடே, மேட்டுக்கு வந்துட்டான்" என்று குழந்தை மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் நின்றது. சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டதா முன்னால் கேட்டதா என்று எனக்கு நிச்சயமில்லை.

இரண்டு பேரும் ஓடினோம். அவர் வயதானவர், எனக்குப் பின்னால்தான் வந்தார்.

பழனியாண்டிக்கு உயிர் இருந்தது. என்னைப் பார்த்தான். பேச முடியவில்லை. தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். நடராஜா சங்கிலியைப் பார்த்துவிட்டு, "ஐயோ, நான் எப்பக் கட்டுனேன், நான் எப்பக் கட்டுனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். வருஷக்கணக்காகத் தினம் ஒரே வேலையைச் செய்கிறவனுக்கு நேற்றுச் செய்ததும் இன்றைக்குச் செய்ததும் ஒன்றாகத்தான் தெரியும். தானே கட்டிவிட்டு மறந்துபோனோம் என்று அவர் நம்பிவிட்டார். உங்களிடமும் அப்படியே சொன்னார். நான் அவரை மாட்டிவிடவில்லை, மேடம். அவர் பேசினார், நான் பேசாமல் இருந்தேன்.

அவரிடம் கைப்பேசி கிடையாது. என்னிடம் இருந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். உடனே இல்லை. ஆப் திரும்பத் திரும்ப மணி அடித்துக்கொண்டிருந்தது, ஆர்டர் வந்து சேர்ந்ததா என்று. வந்தது என்று அழுத்தினேன். நட்சத்திரம் கேட்டது. ஐந்தும் கொடுத்தேன். அவ்வளவு தூரம் கொண்டுவந்தவனுக்கு மார்க் குறையக் கூடாது. அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்க்கவில்லை. அப்போது ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

மற்றது ஊருக்கே தெரியும். சத்தியம் மீறியவன், வெள்ளிக்கிழமை அன்று, முனி கோயிலுக்குப் போகிற சடக்கில், மோட்டார்ப் பெட்டியில் சூடத்தோடும் சுருட்டோடும் விழுந்துகிடந்தான். நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. திவாகரன் முனிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்திருக்கவே இல்லை. நான்தான் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்கள் ஆட்கள் போனார்கள், ஆனால் அந்த வீட்டில் யாரும் கை நனைக்கவில்லை. முனியின் கோபம் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். ஷாமளா வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வருகிறாள். அப்பா செஞ்ச தப்பை மன்னிச்சிரு சாமி என்று பிள்ளைகளைச் சொல்லவைக்கிறாள். தட்டு பிடிப்பது நான் என்பதால் அவர்களுக்கு விபூதி கொடுப்பதும் நான்தான். சின்னது நெற்றியைத் தூக்கிக் காட்டும்.

மாதக் கடைசி வந்தது. ஒருவன்கூடப் பதியவில்லை. அப்படி ஒரு ஒற்றுமையை இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். லோகேந்திரன் எல்லாரையும் கூப்பிட்டு, நாங்கள் வேலை கொடுத்தோம், நீங்களே வேண்டாம் என்றுவிட்டீர்கள், ஆகவே நாங்கள் அனுப்பியதாக ஆகாது என்றார். மறுநாள் காலையில் பீடோங்கிலிருந்தும் செர்டாங்கிலிருந்தும் பச்சைச் சட்டைகள் வந்து இறங்கின. தோட்டத்துச் சடக்கு தெரியாதே என்று எங்கள் ஆட்கள் வேலிக்கு வெளியே நின்று சிரித்தார்கள். இரண்டு நாள் தடுமாறினார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு வழி சொல்ல ஆள் இருந்தது.

திவாகரன் இப்போது பீடோங்கில் கார் கழுவுகிறான். மற்றவர்கள் எங்கெங்கோ.

வழி சொன்ன ஆள் யார் என்று கேட்கிறீர்கள். கேட்காமல் விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

நான்தான். ரைடர்களுக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு கேப்டன் உண்டு. பாடாங் செராய்க்கு நான். அதுவும் ஆப் வேலைதான், சம்பள வேலை இல்லை, என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிடாதீர்கள். லோகேந்திரன் அந்தக் காலைக் கூட்டத்துக்கு முன்பே என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். பழைய ஆட்கள் பதிந்துகொண்டால் நாளைக்குப் பழைய சர்வீஸ், நஷ்டஈடு என்று வருவார்கள், அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் மரியாதையாக இருக்கும் என்றார். மரியாதை என்றுதான் சொன்னார். நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஆட்களுக்கும் மறுப்பதுதான் பிடிக்கும். அவர்களுக்குப் பிடித்ததை அவர்களைச் செய்யவைப்பதில் என்ன துரோகம்? அன்றைக்கே நான் பதிந்துவிட்டேன். ஆகவே கோயிலில் நான் சூடம் அடித்திருந்தால்தான் தவறு. பொய்ச் சத்தியம் ஆகியிருக்கும். பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் முன்பே ஒரு கட்டியை எடுத்துத் தனியாக மடித்துவைத்தேன், என் முறை வரும்போது தீர்ந்துபோகட்டும் என்று. தெய்வ விஷயத்தில் நான் அவ்வளவு கவனமானவன்.

பழனியாண்டி பதிந்ததும் அவன் கைப்பேசியில் கேப்டன் பெயர் வந்திருக்கிறது. பெயரோடு என் படமும். அன்று ரொட்டி சானாய்க் கடையில் அவன் உட்காரும் முன்பு சல்யூட் அடித்தான். "வணக்கம் கேப்டன்" என்றான். பிறகுதான் என் தட்டிலிருந்து பிய்த்துக்கொண்டான்.

"எப்பண்ணே பதிஞ்சீங்க? சூடத்துக்கு முன்னயா பின்னயா?"

நான் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தேன்.

"முன்னதான். தெரியும். சூடம் தீந்துபோச்சுன்னு பெட்டியக் கவுத்தீங்களே, அப்ப ஒங்க மூஞ்சில ஒரு ஆச்சரியமும் இல்ல." கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தான். "நான் ஒங்களக் கேவலமாப் பேச மாட்டேண்ணே. எனக்கும் பிள்ளைங்க இருக்கு, நானும்தான் போனேன். ஆனா அவனுங்க ஒங்கள நம்பி உக்காந்திருக்கானுங்க. மாசக் கடைசிக்குள்ள சொல்லிட்டா அவனுங்களும் பதிஞ்சிக்குவானுங்க, அடுப்பு எரியும். நீங்களே சொல்லிட்டா நல்லா இருக்கும்ணே. நீங்க சொல்லலேன்னா ஞாயித்துக்கெழம நான் வந்து சொல்லிருவேன்."

ரொட்டிக்கு அவன்தான் காசு கொடுத்துவிட்டுப் போனான்.

இதை நான் முன்பே சொல்லாததற்குக் காரணம், இது முக்கியமில்லை என்பதுதான். நான் அதற்காகச் செய்யவில்லை. ஒற்றுமைக்காகச் செய்தேன். பழனியாண்டி பேசியிருந்தால் எல்லாரும் கலைந்து ஓடிப்போய்ப் பதிந்திருப்பார்கள். இன்றைக்கு ஒவ்வொருவனும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு அடிமை மாதிரி ஓடிக்கொண்டிருப்பான். அந்த அவமானத்திலிருந்து அவர்கள் தப்பினார்கள். யாரால் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். சங்கிலியை மாட்டியது நான். துணியை அவிழ்த்தது நான். பழனியாண்டியை அங்கே வரவழைத்தது நான். இந்தப் பையில் இருப்பது அந்தத் துணி. இரண்டு முறை துவைத்தேன், கறை போய்விட்டது. நடராஜாவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. கேமராவை எடுத்துவிட்டு அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கும்படி தோட்டத்துக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு மனிதனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஆப்பை வைப்பது பாவம், மேடம். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பழனியாண்டியை நான் எனக்காகக் கொல்லவில்லை என்று இங்கேயே சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன். இதற்கென்றே கையோடு கொண்டுவந்திருக்கிறேன். அன்று எடுத்து மடித்துவைத்த அந்தக் கடைசிக் கட்டி. என் பங்கு அது. இத்தனை நாளும் சட்டைப் பையிலேயே இருந்தது, நேற்றுகூட வாசம் வந்தது. உங்களிடம் நெருப்புப் பெட்டி இருந்தால் கொடுங்கள்.

இதோ, இந்தக் காகிதத்தில்தான் மடித்தேன்.

ஒன்றும் இல்லை. வாசம் மட்டும் இருக்கிறது, பாருங்கள். கூட நாலு மிளகு போட்டு வைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். காற்றில் கரைந்துபோயிருக்கிறது.

சூடம் இல்லாமல் சத்தியம் செய்ய முடியாது, மேடம். இருந்திருந்தால் செய்திருப்பேன்.